‘அந்த இடத்துல’ என்றால் எந்த இடம்?

வாசகர் கேள்வி – பதில்

நோயாளியிடம் பாலியல் நலம் பற்றிப் பேச மருத்துவ, செவிலிய மாணவர்களை எப்படித் தயார் செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் இடம் கொடுத்திருக்கிறோம். செவிலியம், மகப்பேறு, மனநலம் ஆகிய துறைகளில் பாடம் நடத்துகிறவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

*

எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவிகள் எழுதும் கேஸ் ஷீட்டில் ‘பாலியல் வரலாறு’ என்ற கட்டத்தில் எப்போதும் ‘குறிப்பிடும்படி எதுவும் இல்லை’ என்றே இருக்கிறது. வகுப்பில் பாடம் நடத்தியாகிவிட்டது. தேர்வில் நன்றாக எழுதுகிறார்கள். வார்டில் மட்டும் வாய் திறப்பதில்லை. எங்கே தவறுகிறோம்?
– செவிலியர் கல்லூரி ஆசிரியை, விருதுநகர்

பாடத்தில் குறையில்லை. வாய் பழகவில்லை. உறுப்புகளின் பெயரை ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்திலேயே தேர்வெழுதிய பெண்ணுக்கு, அதே உறுப்பைத் தமிழில் சொல்ல இரண்டு சொற்கள்தான் தெரியும். ஒன்று தெருச்சண்டையில் காதில் விழுந்தது. மற்றது பள்ளி அறிவியல் புத்தகத்தில் கண்டது. முன்னதை வாயில் எடுக்க முடியாது. பின்னதைச் சொன்னால் எதிரே இருக்கும் பாட்டிக்குப் புரியுமா என்று தயக்கம். இடையில் ஒரு சொல் அகப்படாததால் கேள்வியே தொண்டையில் நின்றுவிடுகிறது. எனவே முதல் வகுப்பைச் சொற்களுக்கே ஒதுக்குங்கள்.

எட்டுப் பேருக்கு மிகாத குழு, கதவு சாத்திய அறை, 90 நிமிடம். கரும்பலகையில் மூன்று பத்திகள் போடுங்கள்: பாடப்புத்தகத்தின் ஆங்கிலச் சொல், எழுத்துத் தமிழ், உங்கள் வட்டாரத்தில் நோயாளி சொல்லும் சொல். 25 சொற்கள் போதும். மூன்றாவது பத்தியை மாணவிகளே நிரப்பட்டும். நிரம்பாத இடங்களுக்குக் கிராம சுகாதார செவிலியர் ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள். வீடு வீடாகப் போகிறவருக்குத் தெரியாத சொல் கிடையாது. ‘வீட்டுக்குத் தூரம்’, ‘தலைக்கு ஊத்தியாச்சு’, ‘நாள் தள்ளிப் போயிருக்கு’, ‘முழுகாம இருக்கா’ எல்லாம் மாணவிகளுக்கே தெரிந்திருக்கும். ‘வெட்டை’ என்று வரும்போதுதான் சிக்கல். ஒருவர் வாயில் அது வெள்ளைப்படுதல், இன்னொருவர் வாயில் சிறுநீர் எரிச்சல், வேறொருவருக்கு வெறும் உடம்புச் சூடு. சித்த மருத்துவத்தில் ‘மேகவெட்டை’ என்றால் பால்வினை நோய். அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளாமல், ‘வெட்டைன்னா உங்களுக்கு என்ன பண்ணுதும்மா?’ என்று மேலும் ஒரு கேள்வி கேட்கப் பழக்க வேண்டும். ‘அந்த இடத்துல’, ‘கீழ’, ‘அடிப்பக்கம்’ என்பவையும் இப்படித்தான். சிறுநீர்த் துவாரமா, பிறப்புறுப்பா, மலவாயா என்று தெரியாமல் எழுதிய குறிப்பை வைத்து எந்த மருத்துவரும் சிகிச்சை கொடுக்க முடியாது. படம் வரைந்த அட்டையை நீட்டித் தொட்டுக் காட்டச் சொன்னால் இருவருடைய கூச்சமும் பாதியாகும்.

நாகரிகம் கருதி நாம் போடும் மூடுசொல்லும் காலை வாரும். ‘வீட்டுக்காரரோட ஒண்ணா இருக்கீங்களா?’ என்று கேட்டால், ‘ஆமா, ஒரே வீட்டுலதான் இருக்கோம்’ என்று பதில் வரும். ‘தாம்பத்தியம்’ திருமணமானவருக்கு மட்டுமே பொருந்தும். ‘உடலுறவு’ என்ற சொல் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் புரிகிறது, யாரையும் புண்படுத்துவதுமில்லை. அதையே அடிப்படைச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம். ‘ஆணுறை’ என்று சொல்லிப் புரியாத பெரியவருக்கு ‘நிரோத்’ என்றால் புரியும்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, ரத்த அழுத்த அளவைப் படிக்கிற அதே குரலில், முழுவதையும் மூன்று முறை உரக்கப் படிக்க வேண்டும். முதல் சுற்றில் சிரிப்பு வரும். அதட்டாதீர்கள். இங்கே அடக்கிய சிரிப்பு வார்டில் நோயாளி முன்னால் வெளியே வரும். மூன்றாம் சுற்றில் அநேகமாகத் தானே ஓய்ந்துவிடும். வசவுச் சொற்களை மாணவி சொல்ல வேண்டியதில்லை; நோயாளி சொன்னால் முகம் சுளிக்காமல் புரிந்துகொண்டால் போதும்.

இரண்டாவது வகுப்பு, பேச்சைத் தொடங்கும் வாக்கியத்துக்கு. இப்படி ஒன்றை மனப்பாடமே செய்யச் சொல்லலாம்: ‘அம்மா, சர்க்கரை இருக்கறவங்களுக்கு உடலுறவு சம்பந்தமாவும் சில தொந்தரவு வர்றது உண்டு. அதனால எல்லார்கிட்டயும் இதைக் கேப்போம். சொல்ல இஷ்டமில்லைன்னா விட்டுடலாம். கேக்கட்டுங்களா?’ காரணத்தைச் சொல்லாவிட்டால் வம்புக்குக் கேட்பது போலிருக்கும். ‘எல்லார்கிட்டயும்’ என்ற சொல் விடுபட்டால், ‘என்னைப் பார்த்து ஏன் இதைக் கேட்டாள்?’ என்று அந்த அம்மாவுக்கு நாள் முழுக்க உறுத்தும். கடைசியில் வரும் ‘கேக்கட்டுங்களா’வுக்குப் பதில் வரும்வரை அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது.

அனுமதி கிடைத்த பிறகு மாணவிகள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றேதான். ‘அப்படிப் பிரச்சினை எதுவும் இல்லையேம்மா?’ என்று கேட்டுவிடுகிறார்கள். அந்த ‘இல்லையே’க்குள் பதிலும் சேர்ந்தே இருக்கிறது. ‘இல்ல’ என்று சொல்லி என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிற கேள்வி அது. நோயாளியும் விட்டுவிடுகிறார். உங்கள் கேஸ் ஷீட்டில் நிரம்பிக் கிடக்கும் ‘எதுவும் இல்லை’ இங்கிருந்துதான் வருகிறது. அதற்குப் பதிலாக, ‘உறவு வச்சுக்கறப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். வலி என்றால், ‘ஆரம்பத்துலயே வலிக்குதா, உள்ள ஆழமா வலிக்குதா?’ என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஆரம்பத்திலேயே வரும் வலி வறட்சி, தொற்று, தசை இறுக்கம் ஆகியவற்றைச் சுட்டும். ஆழத்தில் வரும் வலி கர்ப்பப்பை, சினைக்குழாய், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) பக்கம் பார்க்கச் சொல்லும்.

மூன்றாவது வகுப்பில் மூன்று மூன்று பேராகப் பிரித்துவிடுங்கள். ஒருத்தி செவிலியர், ஒருத்தி நோயாளி, ஒருத்தி கவனிப்பவள். ஆறு நிமிடம் பேச்சு, மூன்று நிமிடம் கருத்து, பிறகு இடம் மாற்றம். அரை மணியில் மூவருக்கும் முறை வந்துவிடும். நோயாளி அட்டையை இரண்டு பகுதியாக எழுதுங்கள். மேல்பகுதி: ‘52 வயது. மூட்டுவலிக்கு வந்திருக்கிறார். மாதவிடாய் நின்று மூன்று வருடம்.’ கீழ்ப்பகுதி, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது: ‘உறவின்போது எரிச்சல். ஒரு வருடமாகப் பேத்தியோடு தனியே படுக்கிறார். கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.’ ஆறு நிமிடத்தில் கீழ்ப்பகுதி வெளியே வந்ததா என்பதுதான் அளவுகோல். கவனிப்பவள் ‘இல்லையே’ எத்தனை முறை வந்தது என்று எண்ணிச் சொன்னால் போதும். அடுத்த சுற்றில் பாதியாகக் குறையும்.

குழுவில் தனக்கே கசப்பான அனுபவம் உள்ள மாணவி இருக்கக்கூடும். காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். எழுந்து போனவளை அன்றைக்கே தனியாகப் பார்த்து விசாரியுங்கள்.

*

என் மகள் நர்சிங் படிக்கிறாள். வயது 19. கல்யாணமாகாத பிள்ளைகளை இந்த மாதிரி விஷயங்களை ஆண் நோயாளிகளிடம் கேட்கச் சொல்வது சரியா?
– ஒரு தாய், தேனி

உங்கள் மனக்கலக்கம் நியாயமானது. அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டோம். தனியறையில், துணைக்கு ஆள் இல்லாமல், உங்கள் மகளை எந்த நோயாளியிடமும் அனுப்பக் கூடாது. அது கல்லூரியின் கடமை, நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய உரிமையும்கூட. நோயாளி வேண்டுமென்றே ஆபாசமாகப் பேசினால், ‘இது சிகிச்சைக்குத் தேவையில்லைங்க, சிஸ்டரைக் கூப்பிடறேன்’ என்று சொல்லி எழுந்து வர அவளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

ஆனால் கேட்கவே கூடாது என்றால் நோய் மறைந்தே இருந்துவிடும். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986-இல் முதன்முதலாகத் தெரியவந்தது சென்னையில். நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளப் பெண்களிடம் பேசி ரத்த மாதிரி எடுத்தவர் நிர்மலா என்ற முதுநிலை மாணவி. வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. இங்கே அப்படி ஒரு நோய் வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

*

நான் ஹவுஸ் சர்ஜன். ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. இதில் பாலியல் வரலாறு எப்படி எடுப்பது?
– மதுரை

எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. கேட்டே ஆக வேண்டியவர்கள் யார் என்று தெரிந்தால் போதும்: சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்புக்குப் பின் வருபவர், மனநல மாத்திரை எடுப்பவர், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருபவர், குழந்தையின்மை, புண், ஒழுக்கு, அரையில் நெறிகட்டி, இடுப்புப் பகுதி அறுவைக்குப் பின் வருபவர். இவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: ‘இந்த வியாதி வந்ததுல இருந்து, இல்ல இந்த மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து, உடலுறவுல என்ன மாற்றம் தெரியுது?’

ரத்த அழுத்த நோயாளி சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அடெனலால் போன்ற பீட்டா தடுப்பான்கள், தயசைடு வகை நீர்மாத்திரைகள், ஸ்பைரனோலேக்டோன் ஆகியவை விறைப்பைக் குறைக்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்ஸடின், எஸிட்டலோபிராம் வகைகள் ஆர்வத்தைக் குறைத்து உச்சத்தைத் தள்ளிப்போடும். மனநல மாத்திரையான ரிஸ்பெரிடோன், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றும்; அதனாலும் ஆர்வம் குறையலாம். மாற்று மருந்து உண்டு என்று தெரிந்தால் நோயாளி மாத்திரையை நிறுத்த மாட்டார்.

சர்க்கரை நோயாளியான ஆண், நுனித்தோல் வெடித்து மூடிக்கொண்டதை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருப்பார். டாபாகிளிஃப்லோசின் வகை மாத்திரை எடுப்பவருக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று கூடுதலாக வரும். சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள். நடுத்தர வயதில் புதிதாக வந்த விறைப்புக் குறையை ‘வயசாச்சுல்ல’ என்று தள்ளிவிடாதீர்கள். இதய ரத்தக்குழாய் நோய் சில ஆண்டுகள் முன்கூட்டியே காட்டும் முகமாக அது இருக்கலாம். சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

பதில் ‘ஆமாம்’ என்று வந்தால் எல்லாவற்றையும் அன்றே தீர்க்க நினைக்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜாக் அன்னான் 1976-இல் வகுத்த ‘பிளிசிட்’ முறையில் நான்கு படிகள்: பேச அனுமதி, அளவான தகவல், குறிப்பான யோசனை, தீவிர சிகிச்சை. பயிற்சி மருத்துவருக்கு முதல் இரண்டு படிகள் போதும். மேலே சொன்ன 52 வயது அம்மாவுக்கு, ‘மாதவிடாய் நின்ன பிறகு இந்த வறட்சி நிறையப் பேருக்கு வருதும்மா, மருந்து இருக்கு’ என்று சொல்வதிலேயே பாதி பாரம் இறங்கிவிடும். தண்ணீரில் கரையும் ஜெல் மூன்றாம் படி. தேங்காய் எண்ணெய் போன்றவை ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதையும் அங்கே சொல்ல வேண்டும்.

பால்வினை நோய் சந்தேகம் என்றால் ஐந்து தலைப்புகளிலும் கேளுங்கள்: துணை, உடலுறவு கொள்ளும் விதம், பாதுகாப்பு, முன்பு வந்த நோய், கர்ப்பம் வேண்டுமா வேண்டாமா. அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்துக்கும் (பால்வினை நோய்ச் சிகிச்சை) நம்பிக்கை மையத்துக்கும் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை) நீங்களே ஒருமுறை நடந்து போய், அறை எங்கே, யார் இருப்பார் என்று பார்த்து வையுங்கள். ‘அந்தப் பக்கம் போங்க’ என்று கைகாட்டியவர் பாதி வழியில் வீட்டுக்குப் போய்விடுவார். ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து உடனே தொடங்க வேண்டும், 28 நாள். இதில் ‘நாளைக்கு வாங்க’ கூடாது. தேசிய உதவி எண் 1097.

தோளுக்குப் பின்னால் அடுத்த இரண்டு நோயாளிகள் நின்றுகொண்டிருந்தால் கேட்காதீர்கள். ஓ.பி. முடிந்ததும் வரச் சொல்லி நேரம் கொடுங்கள். மாமியார், கணவர் யாராயினும், ‘எல்லாரையும் அஞ்சு நிமிஷம் தனியா பார்க்கறது இங்க வழக்கம்’ என்று சொல்லி வெளியே உட்கார வைக்கலாம்.

*

ஆண் மாணவனான நான் பெண் நோயாளியிடம் கேட்டால் தப்பாக நினைப்பார்களே?
– இறுதியாண்டு எம்.பி.பி.எஸ்., தஞ்சாவூர்

சிலர் நினைக்கலாம். ஆகவே பெண் செவிலியர் உடனிருக்கும்போது மட்டும் கேளுங்கள். பரிசோதனைக்கு இது கட்டாயம். உங்களை மாணவர் என்று சொல்லி, ‘இதை லேடி டாக்டர்கிட்ட சொல்றீங்களாம்மா?’ என்று முதலிலேயே வழிவிடுங்கள். உங்களிடமே சொல்கிறேன் என்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பரிசோதனையில் தொடும் முன் சொல்ல வேண்டும். ‘ரிலாக்ஸ்’ என்று அதட்டுவதைவிட, ‘வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்’ என்று சொன்னால் தசை தானே தளரும். தூக்கினால் நிறுத்த வேண்டும்.

*

திருமணமாகாத பெண்ணிடம் எப்படிக் கேட்பது? ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று கேட்டால் போதும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.
– மகப்பேறுப் பிரிவு பயிற்சி மருத்துவர், சேலம்

போதாது. அந்தக் கேள்விக்கு ‘இல்ல’ என்ற பதிலை ‘உறவு இல்லை’ என்று எழுதிக்கொள்வதால்தான் சினைக்குழாய்க் கர்ப்பம் தவறிப்போகிறது. அடிவயிற்று வலி, மயக்கம், வெளிறிய முகம் என்று வரும் இளம்பெண்ணுக்கு ‘குடல்வால்’ என்று நேரம் போக்கினால் உள்ளே குழாய் வெடித்து ரத்தம் போய்க்கொண்டிருக்கும். அவள் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொன்னாள்.

அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, ‘இந்த வலிக்குக் கர்ப்பமும் ஒரு காரணமா இருக்கலாம்ங்கறதால, கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்க எல்லார்கிட்டயும் கேப்போம். யார்கூடயாவது உடலுறவு இருந்திருக்கா? உங்க அனுமதி இல்லாம அம்மாகிட்ட சொல்ல மாட்டோம்’ என்று கேளுங்கள். பதில் எதுவானாலும், அவள் சம்மதத்தோடு சிறுநீர்க் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். கடைசி வரிக்கு 18 வயதில் ஓர் எல்லை உண்டு. கீழே ஒரு கேள்வியில் வருகிறது. குரலைத் தாழ்த்திக் கேட்கும் மாணவர்களைத் திருத்துங்கள். கிசுகிசுப்பான குரலே ‘இது தப்பான காரியம்’ என்று சொல்லிவிடும்.

*

இளைஞர்கள் ‘நரம்புத் தளர்ச்சி’, ‘விந்து வெளியேறி உடம்பு போச்சு’ என்று வருகிறார்கள். ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று சொன்னால் போய்விடுகிறார்கள், திரும்ப வருவதில்லை. மாணவர்களுக்கு என்ன சொல்லித் தருவது?
– ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், தருமபுரி

எங்கே போகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்: பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒருமுறை முகாம் போடுகிறவரிடம். அவர் அரை மணி நேரம் காதுகொடுத்துக் கேட்கிறார். நாம் அரை நிமிடத்தில் முடிக்கிறோம். அவர் விற்பது பொடி என்றாலும், அந்தப் பையன் காசு கொடுத்து வாங்குவது அந்த அரை மணி நேரத்தை.

இதற்கு மனநல மருத்துவத்தில் ‘தாத் நோய்க்குறி’ என்று பெயர்; மருத்துவர் என். என். விக் 1960-இல் வைத்தது. ‘நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து’ என்ற நம்பிக்கை வழிவழியாக வந்தது. வாதாடி ஒரே நாளில் பிடுங்க முடியாது. முதலில் அவன் கணக்கைக் கேட்க வேண்டும்: ‘எத்தனை நாளா? இதனால உடம்புக்கு என்ன ஆகும்னு நினைக்கறீங்க? யார் சொன்னாங்க?’ சிறுநீரில் வெள்ளையாகப் போகிறது என்றால் சிரிக்காமல் சிறுநீரைச் சோதியுங்கள். தொற்று, சர்க்கரை இரண்டையும் விலக்கிய அறிக்கையை அவன் கையில் கொடுங்கள். பிறகு படம் போட்டு, விந்து எங்கே உருவாகிறது, உறக்கத்தில் வெளியேறுவது ஏன், கைப்பழக்கத்தால் உறுப்பு சிறுத்துவிடாது என்று சொல்லுங்கள்.

இதோடு மாணவர் நிறுத்திவிடக் கூடாது. தூக்கம், பசி, அழுகை, சாவைப் பற்றிய எண்ணம் எல்லாம் கேட்க வேண்டும். இவர்களில் பலருக்கு உள்ளே மனச்சோர்வு இருக்கும்; ‘விந்து’ அதைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த சொல். கல்யாணம் நிச்சயமான பையனாக இருந்தால் பயம் இரட்டிப்பு. திருமணத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று தேதி எழுதிக் கொடுத்து வரவழையுங்கள்.

*

நான் டி.பார்ம். படிக்கிறேன். பயிற்சிக் கடையில் சீட்டில்லாமல் ‘அந்த மாத்திரை’ கேட்கிறார்கள். என்ன பேசுவது?
– ஈரோடு

விறைப்புக்கான சில்டெனாபில், டடாலாபில் இரண்டும் மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டியவை. தர மறுப்பதோடு அனுப்பிவிடாமல், கல்லாவிலிருந்து ஓரமாக அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை வச்சிருக்கீங்களா?’ சார்பிட்ரேட் வகை நைட்ரேட்டோடு இவை சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். சில்டெனாபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கூடாது. நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குப் போனால் வெட்கத்தால் இதை மறைக்கக் கூடாது என்பதைச் சீட்டோடு வருகிறவரிடமும் சொல்லுங்கள். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாவிட்டால் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். ‘மூலிகை’ என்று விற்கும் பொடிகள் சிலவற்றில் சில்டெனாபில் கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. ஆகவே ‘நாட்டு மருந்துதானே’ என்பவரிடமும் அதே கேள்விதான்.

*

16 வயதுப் பெண் மாணவியிடம் நம்பி ஒன்றைச் சொல்லிவிட்டால்? ரகசியம் காப்பதா, சொல்வதா?
– சமூக நலச் செவிலியம் கற்பிப்பவர், நாகர்கோவில்

‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று மாணவி ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. கேட்பதற்கு முன்பே, ‘உன் பாதுகாப்புக்கு வேணும்னா பெரிய டாக்டர்கிட்டயும், சட்டப்படி போலீஸ்கிட்டயும் சொல்ல வேண்டி வரும், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்’ என்று எல்லையைச் சொல்லிவிட வேண்டும். பேசிய பிறகு சொன்னால் அது துரோகமாகத் தெரியும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே இல்லை. பிரிவு 19-இன்படி குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். மாணவி தானே விசாரணை செய்யத் தொடங்கக் கூடாது. யார், எங்கே, எத்தனை முறை என்று துருவாமல், அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதி, அன்றைக்கே வார்டு பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். காவல்துறை வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது.

கருக்கலைப்புக்கு வந்தவள் என்றால் ஒன்றை அறிந்திருங்கள். 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போக்சோ தகவலில் அவள் பெயர் முதலிய அடையாளங்களைத் தர வேண்டியதில்லை என்றது. போலீசுக்குப் பயந்து கண்ட இடத்தில் கலைக்கப் போகும் பிள்ளைகளைத் தடுக்க இந்த ஒரு தகவல் உதவும். மாணவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை என்பது வருத்தமானது.

*

எங்கள் கல்லூரி நூலகத்தில் இன்னும் பழைய தடயவியல் புத்தகங்கள்தான். தன்பாலின ஈர்ப்பை ‘வக்கிரம்’ என்றே படித்துவிட்டு வார்டுக்கு வருகிறார்கள்.
– மனநலப் பிரிவு உதவிப் பேராசிரியர், சென்னை

புத்தகத்தை எடுத்துவிடுங்கள், அல்லது அந்தப் பக்கங்களை வகுப்பிலேயே திறந்து வைத்துத் திருத்துங்கள். 2018 செப்டம்பர் 6 முதல் வயது வந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலின உறவு குற்றமில்லை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பாடத்திட்டத்தைத் திருத்தவும், தன்பாலின ஈர்ப்பை ‘மாற்றும் சிகிச்சை’யைத் தடுக்கவும் வழிகாட்டுதல் கொடுத்தார். தனக்கு இது புரிய வேண்டும் என்று அவரே உளவியலாளர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்; தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கற்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பிறகு தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் இழிவான பாடங்களைத் தவிர்க்கச் சொன்னது; 2022-இல் ‘மாற்றும் சிகிச்சை’ தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. 2024 ஆகஸ்டு இறுதியில் வந்த பாடத்திட்டத்தில் பழைய சங்கதிகள் திரும்ப நுழைந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. ஆக, ஒருமுறை திருத்திவிட்டோம் என்று இருந்துவிட முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனையும் இப்படித்தான்: 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செய்யக் கூடாது, பாடத்திலிருந்தும் நீக்க வேண்டும் என்றது. உங்கள் நூலகப் புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வார்டில் ஒரே ஒரு மாற்றம் செய்யச் சொன்னால் போதும்: ‘உங்க மனைவி’, ‘உங்க வீட்டுக்காரர்’ என்று தொடங்காமல் ‘உங்க துணை’ என்று தொடங்குவது. திருநங்கையிடம், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு அதையே கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுதுவது. காய்ச்சலுக்கு வந்தவரிடம் அறுவை சிகிச்சை பற்றி விசாரிக்காமலிருப்பது.

*

செய்முறைத் தேர்வில் இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது?
– தேர்வுப் பொறுப்பாளர், கோயம்புத்தூர்

மாணவர் ஒவ்வொருவராக வந்து நோயாளியிடம் பேசிக் காட்டும் எட்டு நிமிடத் தேர்வு நிலையம் ஒன்று வையுங்கள். உண்மையான நோயாளி வேண்டாம். ஓய்வுபெற்ற செவிலியர், நாடகம் நடிப்பவர் யாரையாவது இரண்டு மணி நேரம் பயிற்றுவித்து உட்கார வையுங்கள். 20 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: தனிமை உறுதிசெய்து அறிமுகம் 3, தொடக்க வாக்கியம் 4, கேள்விகள் 5, அடுத்து எங்கே அனுப்புவது 2, குறிப்பு எழுதுவது 2.

மீதி 4 நோயாளியாக நடித்தவர் கையில். இது இல்லாவிட்டால், மேலே சொன்ன ஐந்து தலைப்பையும் காவல் நிலைய விசாரணை போல 90 வினாடியில் ஒப்பித்தவர் முழு மதிப்பெண் வாங்கிப் போவார். தேர்வாளர் கையில் இருக்கும் பட்டியலில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். நடித்தவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘வேறு ஒரு தொந்தரவுக்கு இவரிடமே மறுபடியும் வருவீர்களா?’ அவர் மதிப்பெண்ணைத் தேர்வாளர் பார்க்கும் முன்பே எழுதி உறையில் போட்டுவிட வேண்டும். பக்கத்தில் நின்று ‘கொஞ்சம் பார்த்துப் போடுங்கம்மா’ என்று சொல்கிற பேராசிரியர்கள் உண்டு.